அம்மனிடம் கேட்காமல் விட்ட கல்லூரி

என்னை நம்பிய ஒரு மாணவியின் விருப்பத்தை அவளுடைய பெற்றோரிடம் சொல்லாமல் மறைத்தேன். எந்தக் கல்லூரியில் படிக்க விரும்புகிறாள், ஏன் விரும்புகிறாள் என்பதை அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அப்பாவிடம் நீங்கள் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் வந்து கேட்டபோது அந்தக் கல்லூரியின் பெயரை நான் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, தெரிந்தே விட்டேன். அதனால் அவள் ஓர் ஆண்டை இழந்தாள். அதைவிடப் பெரியதையும் இழந்திருக்கக்கூடும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த பள்ளியில் இந்த ஆண்டு மாணவர்களுக்கென்று ஒரு மனநல ஆலோசகரை நியமித்திருக்கிறார்கள். அந்த இளம்பெண் என் வீட்டுக்கு வந்து, "சார், சிகிச்சையில இருக்கற பிள்ளைங்களுக்குக் காலேஜ் எப்படிப் பார்க்கறது? நீங்க ரொம்ப வருஷம் இதைச் செஞ்சவருன்னு சொன்னாங்க" என்று கேட்டார். காப்பி கொடுத்தேன், பொதுவாக நாலு வார்த்தை பேசினேன், அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்பது அவர் வண்டியைத் திருப்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கணக்கு ஆசிரியன். கல்லூரிப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் கோவையிலேயே முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையம் சாலையில், பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டி இருந்த ஒரு மிஷன் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கேயே உதவித் தலைமையாசிரியராகி அங்கேயே ஓய்வு பெற்றேன். பள்ளியைச் சுற்றிலும் லேத்துப் பட்டறைகள், மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகள். பட்டறை வைத்திருந்த அப்பாக்களில் பலர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். பிளஸ் டூ முடிவு வந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராக எங்களிடம்தான் வருவார்கள். அவர்களுக்கு வழி சொல்வது எங்கள் தலைமையாசிரியர் ஞானமணி சாரின் வேலையாக இருந்தது. நான் அவருக்கு உதவியாளன்.

அவர் அந்த வேலையைச் செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். பெற்றோர் வந்து உட்கார்ந்ததும் ஊர், தொழில், மழை எல்லாம் விசாரிப்பார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் எதிர்த்த கடையில ஒரு டீ குடிச்சுட்டு வந்துருங்க" என்பார்.

"இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தோம்."

"பரவாயில்லைங்க, இன்னொண்ணு குடிங்க. அங்க பஜ்ஜி நல்லா இருக்கும்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே எழுந்து போவார்கள். சார் மேசையைச் சுற்றி வந்து பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். அதன் பிறகு ஒன்றும் கேட்க மாட்டார். இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இருப்புக் கொள்ளாது. எத்தனையோ தடவை நான் ஏதாவது கேட்க வாயெடுத்து, அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடியிருக்கிறேன். கடைசியில் பிள்ளை தானாகப் பேசும். மெக்கானிக்கல் என்று நாங்கள் எல்லோரும் முடிவுகட்டிவிட்ட ஒரு பையன், பெற்றோர் டீக்கடையில் இருந்தபோது, லேத்துச் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லி அழுதான். அவன் வீடும் பட்டறையும் ஒரே சுவர்.

பெற்றோர் திரும்பி வந்ததும் சார் எதையும் தானாகச் சொல்ல மாட்டார். "அவனே சொல்லுவானுங்க. நான் பக்கத்துல இருக்கேன், அவ்வளவுதான்" என்பார்.

கல்லூரிகளைப் பார்க்கப் போவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. விடுமுறை இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து, முன்கூட்டிச் சொல்லாமல், பஸ்ஸில் போவார். முதல்வர் அறைக்குப் போகமாட்டார். வாசலில் நின்று, தாமதமாக வரும் மாணவனிடம் வாட்ச்மேன் எப்படிப் பேசுகிறான் என்று பார்ப்பார். கேண்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்ப்பார். "பிராஸ்பெக்டஸ்ல எல்லாப் பிள்ளையும் சிரிச்சுட்டு இருக்கும். அழற பிள்ளைக்கு அங்க எங்க எடம்னு பார்க்கணும்" என்று ஒரு தடவை சொன்னார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை என் கைக்கு வந்தது. வந்ததும் நான் நிறுத்திய முதல் விஷயம் அந்த டீ. வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருக்க, ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து மின்விசிறியைப் பார்ப்பது எனக்கு வீணாகப் பட்டது. மதிப்பெண், கல்லூரி, பாடப்பிரிவு, முடிந்தது. நான் வேகமாக வேலை செய்கிறேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். பெரிய பொறியியல் கல்லூரிகளில் இடம் பிடித்த பிள்ளைகளின் படங்களைப் போட்டுப் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கும் வழக்கத்தையும் நான்தான் தொடங்கினேன். அதில் எத்தனை முகம் வருகிறது என்பதில் எனக்கு ஒரு கண் இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெற்றோர் ஒரு கல்லூரியைப் பற்றி முதலில் கேட்பது, "ஏனுங்க சார், அது ஸ்ட்ரிக்டுங்களா?" என்பதுதான். செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும், விடியும் முன் எழுப்பிப் படிக்க உட்கார வைக்கும், வாரத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்குப் பேச விடும் கல்லூரி என்றால் அவர்கள் முகம் தெளியும். பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று அர்த்தம். கண்டிப்பும் பத்திரமும் ஒன்று என்று நானும் நம்பினேன். என் மாணவி ஒருத்தி அதற்கு விலை கொடுத்தாள்.

அவளைத் தாரணி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. அப்பா வேலுச்சாமி, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை லேத்தில் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை வைத்திருந்தார். காரமடைப் பக்கம் அவர்களுக்குத் தோட்டமும் குலதெய்வக் கோயிலும் உண்டு. தாரணி என் வகுப்பில் கணக்கில் முதல். பிளஸ் ஒன் பாதியில் அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துபோனாள். சாப்பாட்டு டப்பா திறக்காமல் திரும்பிப் போகும். ஒரு தேர்வில் பெயரை மட்டும் எழுதிவிட்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அம்மா சரஸ்வதி எங்கெங்கோ மந்திரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். மனச்சோர்வு என்றார் மருத்துவர். மாத்திரையும் பேச்சுமாகச் சிகிச்சை நடந்தது. தாரணி மெல்லத் திரும்பி வந்து, பிளஸ் டூவில் மிக நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

முடிவு வரும் முன்னால், நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்த நாளில் என்னிடம் வந்தாள்.

"சார், நான் டவுன்ல பி.எஸ்சி. மேத்ஸ் சேரலாம்னு இருக்கேனுங்க" என்று ஒரு பழைய கல்லூரியின் பெயரைச் சொன்னாள்.

"உனக்கு வரப்போற மார்க்குக்கு பி.எஸ்சி.யா?"

"ஊட்டுல இருந்தே பஸ்ல போயிக்கலாமுங்க. டாக்டரும் பக்கத்துல. மாத்திரை போட்டா வெடிகாலையில தலையே தூக்க முடியறதில்லீங்க சார். அங்கன்னா மெதுவா கெளம்பிப் போயிக்கலாம்."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"நான் சொன்னா, பயந்துட்டுச் சொல்றேன்னு நெனைப்பாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா, சொல்றீங்களா சார்?"

"சொல்றேன், போ" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

முடிவு வந்த வாரத்தில் மூவரும் வந்தார்கள். எதிரே மூன்று நாற்காலிகள், நடுவில் தாரணி. வேலுச்சாமி கைகூப்பினார்.

"ஏனுங்க சார், ஆளாளுக்கு ஒரு காலேஜைச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புடிபடலீங்க. நீங்க நல்லதா ரெண்டைச் சொல்லுங்க. அம்மன்கிட்டப் பூப்போட்டுக் கேட்டுக்கறோம்."

எங்கள் பக்கத்தில் இது நெடுநாள் வழக்கம். கல்யாணமோ கிணறு வெட்டுவதோ புதுத் தொழிலோ, இரண்டில் எது என்று தெரியாதபோது கோயிலுக்குப் போய், ஒன்றுக்கு வெள்ளரளி, ஒன்றுக்குச் செவ்வரளி என்று மனதில் வைத்து, இரண்டையும் தனித்தனியாக இலையில் சுருட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். ஒரு சின்னக் குழந்தையைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வருகிற நிறம்தான் உத்தரவு. அதை மீறமாட்டார்கள்.

நான் கிறிஸ்தவன். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன். பூப்போட்டுக் கேட்பதை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பார்ப்பவன். அன்றும் சிரித்துக்கொண்டேதான் கணக்குப் போட்டேன். எந்தப் பூ வேண்டுமானாலும் வரட்டும், பெயர் இரண்டும் நான் சொன்னவையாக இருந்தால் போதும். ஈரோட்டுப் பக்கம் ஒன்று, நாமக்கல் பக்கம் ஒன்று என்று இரண்டு விடுதிப் பொறியியல் கல்லூரிகளைச் சொன்னேன். அவள் மதிப்பெண்ணுக்கு இரண்டிலும் இடம் கிடைக்கும். இரண்டில் எது கிடைத்தாலும் ஃபிளெக்ஸில் அவள் முகம் வரும்.

"ரெண்டும் ஸ்ட்ரிக்டுங்களா?"

"ஒண்ணுக்கொண்ணு சளைச்சதில்லீங்க."

சரஸ்வதி குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க சார், இவளுக்கு மாத்திரை இருக்குதுங்களே. ஹாஸ்டல்ல சொல்லோணுங்களா?"

"அதை எதுக்கு இப்ப?" என்றார் வேலுச்சாமி.

"கேட்டுக்கலாமில்லீங்க. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப யாராச்சும் ஏதாச்சும் சொல்லிப்போட்டா?"

நான் சொன்னேன்: "சொல்ல வேண்டாங்க. சத்து மாத்திரைன்னு சொல்லிக்கட்டும். அங்க போனா நேரமே இருக்காது. மனசு கண்டதை நெனைக்கறதுக்கு நேரம் இருந்தாத்தானுங்க."

ஒரு மருத்துவர் கொடுத்த சிகிச்சையைப் பற்றி, கணக்கு வாத்தியார் நான் அவ்வளவு உறுதியாகப் பேசினேன்.

தாரணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் நான் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டால், உடனே சொல்லாமல், நானே கண்டுபிடிப்பேன் என்று காத்திருப்பாள். அதே மாதிரி காத்திருந்தாள். அவள் காத்திருப்பது எனக்குத் தெரிந்தது. நான் வேலுச்சாமி பக்கம் திரும்பி, அந்தக் கல்லூரிகளின் பஸ் வசதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

செவ்வரளி வந்தது. அதற்குரிய கல்லூரியில் சேர்த்தார்கள். வாசலில் ஃபிளெக்ஸும் வந்தது.

அங்கே நடந்ததை நான் பின்னால்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். மாத்திரை போட்ட அசதியில் விடியற்காலைப் படிப்புக்கு அவளால் எழ முடியவில்லை. தாமதமாக வந்தால் வராந்தாவில் நிற்க வேண்டும். காரணத்தைச் சொல்ல முடியாது, சத்து மாத்திரை சாப்பிட்டு யாரும் தூங்கிப்போவதில்லையே. அதனால் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டாள். மருத்துவரிடம் கேட்க வழியில்லை. வீட்டுக்குப் பேசும் சில நிமிடங்களிலும் வார்டன் பக்கத்தில் நிற்பார். செமஸ்டர் பாதியில் அவள் குளிப்பதையும் சாப்பிடுவதையும் விட்டாள். ஒருநாள் கட்டிலைவிட்டு எழவில்லை. விடுதியிலிருந்து வேலுச்சாமிக்கு அழைப்பு வந்தது: "உங்க பொண்ணு நடிக்குதுங்க. வந்து கண்டிச்சுட்டுப் போங்க."

அவர் போய்ப் பார்த்துவிட்டு, கண்டிக்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். வந்த வழியில் அவள் எங்கள் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். ஃபிளெக்ஸில் அவள் முகம் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தது.

அதுவரை எனக்கு இதெல்லாம் தெரியாது. சரஸ்வதி ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார், தனியாக. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மகள் வீட்டுக்கு வந்துவிட்டதைச் சொன்னார்.

"சார், இவரு அடுத்த வாரம் மறுபடியும் ஹாஸ்டல்ல கொண்டுபோய் உடறேங்கறாருங்க."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அங்க அனுப்பவே வேண்டாம்னுட்டாருங்க. இவரு கேக்கறதில்லீங்க. அம்மன் குடுத்த எடம், பாதியில நிறுத்துனா தெய்வக்குத்தமாயிரும்ங்கறாரு. நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேன்."

"தாரணி என்ன சொல்றா?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "போறேங்கறா. எதுத்து ஒரு வார்த்தை பேசறதில்லீங்க. எங்க உட்டாலும் போறேங்கறா. அதுதானுங்க சார் எனக்குப் பயமா இருக்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுன்னாக் கேப்பாருங்க."

உங்கள் பேச்சைக் கேட்பார் என்று எனக்கு இரண்டாவது முறையாகச் சொல்லப்பட்டது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் வேலுச்சாமியின் பட்டறைக்குப் போனேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"தாரணி எங்கிட்ட டவுன் காலேஜ் கேட்டாளுங்க. டாக்டர் பக்கத்துல, வீட்டுல இருந்தே போகலாம்னு. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாளுங்க. நான் சொல்லல."

"மறந்துட்டீங்களாங்க சார்?"

மரியாதைக்காக அவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார். நுழைந்து தப்பியிருக்கலாம்.

"இல்லீங்க. வேணும்னேதான்."

"ஏனுங்க?"

"பெரிய காலேஜ்ல சேர்ந்தா பேரு வரும்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துக்கு. எனக்கும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

"தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, ஈரத் துணியோட நின்னு அம்மன்கிட்டக் கேட்டேனுங்க" என்றார். "நீங்க சொன்ன ரெண்டு பேரை அப்படியே சொல்லிக் கேட்டேன். எம்பட வாயில பாதிக் கேள்வியக் குடுத்து அனுப்பிப்போட்டீங்களே சார்."

அப்போதும் அவர் குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்தவர் நம்பிக்கையை நான் சிரித்துக்கொண்டே பயன்படுத்தியது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் ஆலயத்தில் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் நான் பொறுத்திருப்பேனா?

"வாங்க ஊட்டுக்கு" என்றார்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. தாரணி சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தது, அம்மா வாரிவிட்டது என்று பார்த்ததும் தெரிந்தது. கொஞ்ச மாதங்களில் பாதியாகியிருந்தாள். வேலுச்சாமியே எல்லாவற்றையும் சொன்னார். "சார் வந்து ஒத்துக்கிட்டாரு. வெள்ளிக்கெழம மறுபடியும் கோயிலுக்குப் போறோம். உன்ற காலேஜையும் வெச்சே கேட்டுப்போடலாம் கண்ணு."

மறுபடியும் விடுதிக்கான பூவே வந்தால் என்ன செய்வது என்று பயந்தேன்.

தாரணி தலையைத் தூக்காமல் பேசினாள்.

"அப்பா, அந்த ரெண்டு ஹாஸ்டல்ல எதுன்னுதான கேட்டீங்க? அம்மன் அதுக்குச் சொல்லிருச்சு. நானும் போயி இருந்துட்டு வந்துட்டேன். ஹாஸ்டலுக்குப் போகோணுமா வேண்டாமான்னு யாருமே கேக்கலியே."

"அதைத்தான் கண்ணு இப்பக் கேக்கலாங்கறேன்."

"அதுக்கு எதுக்குங்கப்பா பூவு? நான் இங்கதான உக்காந்திருக்கேன்."

சமையலறைக்குள் சரஸ்வதி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வேலுச்சாமி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவளுக்கு எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"செரி. சொல்லு சாமி."

"நான் அங்க போகலீங்கப்பா."

"செரி, போக வேண்டாம்."

மறுநாள் அந்த ஃபிளெக்ஸைக் கழற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு பள்ளி வாசலில் நான் ஃபிளெக்ஸ் வைக்கவில்லை.

தாரணி மறுபடியும் சிகிச்சையைத் தொடர்ந்தாள். தேற மாதங்கள் பிடித்தன. அடுத்த சேர்க்கை நெருங்கியபோது, கல்லூரிகளைப் பார்க்க நானும் வரட்டுமா என்று வேலுச்சாமியிடம் கேட்டேன். "வாங்க சார். ஆனா எது பேசுறதா இருந்தாலும் அவ முன்னாடியே பேசுங்க" என்றார். கல்லூரிகளுக்குப் போகும் முன் தாரணி, சரஸ்வதி, நான் மூவரும் அவளுடைய மருத்துவரையும் போய்ப் பார்த்தோம். அவரிடமும் நான் செய்ததைச் சொன்னேன். கல்லூரியில் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். இந்தக் கேள்விகளை என் பணிக்காலம் முழுக்க ஒரு கல்லூரியிலும் நான் கேட்டதில்லை.

முதலில் பார்த்த கல்லூரியில் முதல்வர் எங்களை ஏசி அறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். மனநலச் சிகிச்சையில் இருக்கும் மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "எங்க காலேஜ்ல அந்த மாதிரிப் பிள்ளைங்களே கெடையாதுங்க" என்றார் பெருமையாக.

வெளியே வந்ததும் தாரணி சொன்னாள்: "இருப்பாங்க சார். சத்து மாத்திரைன்னு சொல்லியிருப்பாங்க."

சரஸ்வதி அவள் கையைக் கிள்ளினார். எனக்கு வேண்டியதுதான்.

இரண்டாவது கல்லூரியில் ஆலோசனை அறை பளபளவென்று இருந்தது. சாய்வு நாற்காலி, சுவரில் சூரியோதயம். மாணவி இங்கே பேசுவது யாருக்கெல்லாம் போகும் என்று கேட்டேன். "அன்னைக்கு அன்னைக்கே முதல்வருக்கும் பேரன்ட்ஸுக்கும் வாட்ஸ்அப்ல போட்டுருவோம் சார். எங்ககிட்ட ஒளிவுமறைவே கெடையாது" என்றார் நிர்வாகி. தாரணி எழுந்து நின்றுவிட்டாள்.

மூன்றாவதாக அவள் முதலில் கேட்ட கல்லூரிக்குப் போனோம். பழைய கட்டடம். ஆலோசகர் வாரத்தில் சில நாட்கள்தான் வருவார், அறை மாடிப்படிக்குக் கீழே. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கணக்குத் துறைத் தலைவி ஒரு நடுத்தர வயது அம்மா. விடைத்தாள் கட்டுகளை ஒதுக்கி எங்களுக்கு இடம் செய்து கொடுத்தார். நான் வாயைத் திறக்கும் முன் தாரணியே கேட்டாள்.

"மேடம், நான் மாத்திரை சாப்பிடறேன். சில நாள் காலையில எந்திரிக்க லேட்டாகும். மொதல் பீரியட் பாதியில வந்தா வெளிய நிக்கணுங்களா?"

"பின்வாசல் வழியா வந்து உக்காந்துக்கோ. நான் பாட்டுக்குப் பாடம் நடத்திட்டு இருப்பேன். வரவே முடியலைன்னா எனக்கு ஒரு மெசேஜ் போடு. 'இன்னைக்கு முடியல' போதும், காரணம் வேண்டாம். மத்தவங்களுக்குச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்மா. எனக்குத் தெரியும்ங்கறது வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்ல."

வருகை குறைந்தால் என்ன ஆகும், நடுவில் ஒரு செமஸ்டர் நிறுத்திவிட்டுத் திரும்பி வர முடியுமா என்று கேட்டேன். மருத்துவச் சான்று கொடுத்தால் வருகையில் எவ்வளவு விட்டுக்கொடுப்பார்கள் என்பதைச் சொன்னார். "நிறுத்திட்டு வர்றது பத்தி எனக்குச் சரியாத் தெரியல. கேட்டுச் சொல்றேன்" என்றார். மறுநாள் தாரணியின் எண்ணுக்கே அழைத்து, முடியும் என்று விவரமாகச் சொன்னார். தெரியாது என்று சொல்லிவிட்டு, கேட்டும் சொன்ன ஒருவரை அந்தச் சுற்றில் அங்கே மட்டும்தான் பார்த்தேன். ஏற்பாடு குறைவாக இருந்தாலும் மனிதர் இருந்தார். இன்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: உங்கள் பிள்ளை வராத நாளில் அதைக் கவனிக்கப்போகிறவர் யார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத கல்லூரிக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும்.

அன்று அங்கிருந்து திரும்பும்போது மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினோம். சரஸ்வதி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் அவர்களுக்குப் பின் இருக்கையில் இருந்தேன். இடம் முடிவாகிவிட்டது, மனசு லேசாக இருந்தது. என்னளவில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். தாரணி திரும்பி, இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? எங்கப்பாகிட்ட வந்து சொன்னீங்க. டாக்டர்கிட்டயும் சொன்னீங்க. எங்கிட்ட நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலியே?"

அது உண்மை. அன்று வீட்டில் வேலுச்சாமி பேச, நான் நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு எத்தனையோ முறை அவளைப் பார்த்தும் சொல்லவில்லை. அவளுக்குச் செய்த தவறை அவளைத் தவிர எல்லோரிடமும் ஒப்புக்கொண்டிருந்தேன். அவளை விட்டுவிட்டு அவள் விஷயத்தைப் பெரியவர்களோடு பேசி முடிக்கும் அதே பழக்கம்.

"நீ நம்பிக் கேட்டே" என்றேன். கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டிருந்தார், சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சொல்றேன்னு சொல்லிட்டுச் சொல்லல. நீ என்னையே பார்த்துட்டு இருந்தே. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் திரும்பிக்கிட்டேன். மாத்திரையைப் பத்திப் பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சுக்கோ தாரணி."

என் ஆசிரிய வாழ்க்கையில் ஒரு மாணவியிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் முறை.

"இப்பவே செரின்னு சொல்லோணுங்களா சார்?"

"வேண்டாம்மா."

"அப்பச் சொல்லலீங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கல்லூரியில் அவள் சேர்ந்தாள். எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. இரண்டாம் ஆண்டில் மறுபடியும் சாய்ந்தாள். இந்த முறை மறைக்க ஒன்றுமில்லாததால் துறைத் தலைவிக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார், ஒரு செமஸ்டர் நிறுத்த வழி செய்தார், திரும்பி வந்தபோது புது வகுப்பில் தன் கண்ணெதிரே முன்வரிசையில் உட்காரவைத்தார். கூடச் சேர்ந்தவர்களுக்குப் பின்னால் பட்டம் வாங்கினாள். இப்போது பீளமேட்டில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். வேலுச்சாமி இன்னமும் அம்மனிடம் பூப்போட்டுத்தான் எதையும் செய்கிறார். ஆனால் கோயிலுக்குக் கிளம்பும் முன், "கேள்வி செரியா இருக்குதான்னு பாரு அம்மணி" என்று மகளிடம் கேட்டுக்கொள்கிறாராம். சரஸ்வதி சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவள் அந்தக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டோடு நான் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு, இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் யாராவது கூப்பிட்டால், கல்லூரி பார்க்கக் கூடப் போகிறேன். முதலில் பெற்றோரை டீ குடிக்க அனுப்புகிறேன். பிள்ளை பேசும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அது இன்னும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கட்டுரையைத் தாரணியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் சம்மதம் இல்லாமல் இதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து ஃபோன் செய்தாள். பெயரை மாற்றியது போதும் என்றாள். அப்பா பேசியது, தான் பேசியது எல்லாம் சரி என்றாள். ஓரிடத்தை மட்டும் எடுக்கச் சொன்னாள். கடைசியில் நான், 'அவள் இப்போது பூரண நலமாக இருக்கிறாள்' என்று எழுதியிருந்தேன்.

"அது உங்க ஆசைங்க சார்" என்றாள். "சில நாள் நல்லா இருக்கேன். சில நாள் இல்லீங்க. மாத்திரையும் போடறேன், வேலைக்கும் போறேன். அதை அப்படியே எழுதுங்க."

பஸ்ஸில் நான் கேட்ட மன்னிப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.